மைக்கில் வந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளையை லாக்கப்புக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார் ஏட்டு செங்கல்வராயன். அதற்கு முன்பே உள்ளே சுத்தமாகப் பெருக்கி, ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருந்தார்.

பாலாற்றங்கரையில் தோல் ஷாப் நாற்றத்துக்கு நடுவே இருந்த அந்தப் போலீஸ் ஸ்டேஷனில், வயர்லெஸ்ஸில் 'மாப்பிள்ளை' என்றால் பிடிபட்ட ஆள். லாக்கப் மாமியார் வீடாயிற்றே. "மாப்பிள்ளை ரயில்ல வர்றார், கூட்டிட்டுப் போங்க" என்று ரயில்வே போலீஸ் மைக்கில் சொன்னதும், ஏட்டுதான் போய் அழைத்து வந்தார்.

"யோவ், நான் டி.எஸ்.பி.ய்யா!" உள்ளேயிருந்து கத்தினார், வேட்டி சட்டையிலிருந்த மாப்பிள்ளை.

"போன வாரம் வந்தவன் கலெக்டர்னான்" என்றார் இன்ஸ்பெக்டர் தணிகைவேல், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

தூக்கம் கெட்ட கண்களோடு மேசையோரம் நின்றார் ஏட்டு. "சார், அந்த லீவு... நாளைக்கு வேலூர் ஆஸ்பத்திரில சம்சாரத்துக்கு ஆபரேஷன். கூட இருக்க ஆளில்ல சார்."

"திருவிழா பந்தோபஸ்து முடியட்டும்யா. சும்மா பேஜார் பண்ணாதே. சொல்லாம போனே, வேலையே போய்டும்."

மைக் கரகரத்தது. ரயில்வே போலீஸ்தான். "எங்க மாப்பிள்ளை வந்துட்டாரா? டிபன் குடுத்தீங்களா?"

"அக்யூஸ்டுக்கு இன்னாய்யா டிபன்?"

"ஐயோ சார்! எங்க ரயில்வேல அக்யூஸ்டுன்னா 'பார்சல்'. மாப்பிள்ளைன்னா பெரிய அதிகாரி சார்! கூட்ஸ் வண்டில தோல் களவு போச்சே, அந்தக் கேசுக்கு வந்திருக்கார்."

தணிகைவேலே ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். வெளியே வந்த டி.எஸ்.பி. யாரையும் பார்க்கவில்லை. நேராக எஸ்.பி.க்கு டிரங்க் கால் போட்டார். மத்தியானமே ஏட்டை சஸ்பெண்ட் செய்து உத்தரவு வந்துவிட்டது.

ஏட்டு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இன்ஸ்பெக்டருக்கே பாவமாக இருந்தது.

"கவலைப்படாதேய்யா. ரெண்டு டிபார்ட்மெண்டுக்கும் பாஷை வேறன்னு விசாரணைல விட்ருவாங்க. ஒரு மாசம் வீட்ல கெட."

"சரிங்க சார்" என்று பெருமூச்சோடு படியிறங்கி, வேலூர் பஸ் ஏறினார் ஏட்டு.

மறுநாள் சாயங்காலம் ஆபரேஷன் முடிந்து மனைவி சாவித்திரி கண் விழித்தபோது, ஏட்டு கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னார்.

அவள் மெல்ல அவர் பக்கம் தலையைத் திருப்பினாள். "இன்னாங்க, நீங்க ரயில்வே போலீஸ்ல இருந்தப்ப, அதிகாரியத்தானே மாப்பிள்ளைம்பீங்க?"

ஏட்டு வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சுளையை அவள் வாயில் வைத்தார்.

"மெதுவா பேசு, சாவித்திரி."