கொக்கி எங்கே?

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து ஷாஸியாவுக்குத் தலை சுற்றியது.

மின்சார ஆபீஸில் உதவிப் பொறியாளர் அவள். ராயபுரத்தில் தெருத்தெருவாக ஸ்மார்ட் மீட்டர் மாட்டியதிலிருந்து, எந்த வீட்டில் எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

"சாவியோ, மண்டையைப் பொளக்குற வெயில். ஊரே ஏசி போட்டுட்டுப் படுத்திருக்கு. இந்தத் தெருவுல மட்டும் மீட்டர் ஓடவே மாட்டேங்குதே?"

லைன்மேன் சாவியோ எட்டிப் பார்த்தார். "இதுல இன்னா கொயப்பம் மேடம்? மீட்டருக்குத் தெரியாம கம்பத்துலேர்ந்து கொக்கி போட்டுகினு கீறானுங்க. தெருவே கூட்டு!"

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. உடனே இருவரும் கிளம்பினார்கள்.

தெருவில் நுழைந்ததும் குழப்பம் இன்னும் கூடியது. கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தாயிற்று. ஒரு கொக்கிகூட இல்லை. சனமெல்லாம் வாசலில் உட்கார்ந்து, வேர்வையில் தொப்பலாக நனைந்து, பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தது.

கைக்குழந்தையோடு ஒரு வாசலில் இருந்த ஜன்னத் என்ற பெண்ணிடம் ஷாஸியா கேட்டாள். "கரன்ட் இல்லையா?"

"கீதே."

"ஏசி ரிப்பேரா?"

"நல்லாத்தான் கீது."

"அப்பப் போட வேண்டியதுதானே? குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு!"

"இன்னிக்கு வேணாம் மேடம்."

ஷாஸியாவின் குரல் உயர்ந்தது. "யார் காதுல பூ சுத்தறீங்க? கொக்கியைக் கழட்டி ஒளிச்சு வெச்சுட்டு நாடகமா? உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா தெரு மொத்தத்துக்கும் லைனைக் கட் பண்ணிடுவேன்!"

"ஐயோ, அது மட்டும் வேணாம் மேடம்!" ஜன்னத் பதறி எழுந்தாள்.

"பாத்தியா மேடம், மாட்டிக்கினாங்கோ," என்று சாவியோ சிரித்தார்.

ஜன்னத் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைத் தெருமுனைக்கு அழைத்துப் போனாள். திரும்பியதும் ஒரு சாமியானா பந்தல். பந்தல் போட்ட வீட்டுக்குள் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில், கையில் ஜெபமாலையோடு ஒரு பெரியவர் கிடந்தார். பெட்டி மட்டும் 'உம்'மென்று ஓடிக்கொண்டிருந்தது.

சாவியோ தொப்பியைக் கழற்றினார்.

ஜன்னத் தணிந்த குரலில் சொன்னாள். "எங்க லூர்து அண்ணன். காலீல பூட்டாரு. புள்ள கப்பல்ல வேலை, நாளைக்குத்தான் வந்து சேருவான். நாங்கல்லாம் ஏசி போட்டா, இந்த வூட்டுக்கும் சேத்து ஓடுற எங்க தெரு டிரான்ஸ்பார்மர் தாங்காது மேடம், டப்புனு பூடும். பெத்தவரு மொகத்த அந்தப் புள்ள நல்லபடியா பாக்க வேணாமா?"