ஆறாவது சீட்டு

"கல்லுக்கு ஆறு, மணலுக்கு அஞ்சு. அதனால கல் பாலைவனம். பஸ்ஸுக்குச் சொல்லிடறேன்."

அறிவித்துவிட்டு அச்சக முதலாளி தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வருடத்துக்கு ஒரு சுற்றுலா. இந்த முறை பாலைவனம் என்று முடிவானதிலிருந்து, எந்தப் பாலைவனம் என்று ஒரு வாரமாக அடிதடி. சுவரில் இரண்டு படங்கள். ஒன்றில் வானம் வரைக்கும் மணல் மேடு, ஒட்டகம், உச்சியிலிருந்து சறுக்கி விழும் ஜனங்கள். இன்னொன்றில் கட்டாந்தரை, காற்று அரித்த ராட்சசப் பாறைகள். கடைசியில் பதினோரு பேரும் ஓர் அட்டைப் பெட்டியில் சீட்டுப் போட்டார்கள். எண்ணியவர் முதலாளி, அதுவும் தனியாக.

புரூஃப் பார்க்கிறவள் சிரித்த முகங்களை எண்ணினாள். ஐந்துதான் தேறியது.

அவளுக்கு அங்கே பெயர் கமா. ஒரு கமா தப்பினாலும் ஓடுகிற மெஷினை நிறுத்திவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய்த் தப்புக் கணக்குச் சொன்னால் விடுவாளா?

"அங்க அவர் மச்சினன் லாட்ஜ் வெச்சிருக்கானாம்," என்று மெஷின்காரர் காதைக் கடித்தார்.

"அப்படிப் போகுதா கதை?"

மேசை மேசையாகப் போய்க் கேட்டாள். மணலுக்குப் போட்டவர்கள் அவளோடு சேர்த்து ஐந்து பேர் ஆகிவிட்டார்கள். பைண்டிங் மேசை மட்டும் பாக்கி.

"நீங்க எதுக்குப் போட்டீங்கக்கா?"

பைண்டர் அக்கா பசை தடவுகிற கையை நிறுத்தவில்லை. "மணலுக்குத்தான்மா. எல்லாரும் அதுக்குத்தானே பறக்கறீங்க."

"பாத்தீங்களா, உங்களோட ஆறு! அவர் அஞ்சுங்கறார்."

"விடும்மா. யாராவது உன்கிட்ட மாத்திச் சொல்லியிருப்பாங்க."

"யாரும் மாத்திச் சொல்லலை. அவர்தான் மாத்திட்டார்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள்.

"சார், சீட்டை எல்லாம் எண்ணிப் பாக்கணும்."

முதலாளி எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ மேசை இழுப்பறையைத் திறந்து, சீட்டுகளை அள்ளி அவள் முன்னால் போட்டார்.

எண்ணினாள். மணல் ஆறு, கல் ஐந்து. இன்னொரு தரம் எண்ணினாள். அதேதான்.

"அப்போ பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமாம்மா."

சண்டைக்கென்று தயார் செய்து வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகிவிட்டது. "மச்சினன் லாட்ஜுக்காகவா சார்?"

"எந்த மச்சினன்? என் வீட்டுக்காரிக்குக் கூடப்பிறந்தவங்க யாருமே கிடையாது." ஒரு சீட்டை மட்டும் எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "இது யார் எழுத்துன்னு பாரு."

பார்த்த உடனே தெரிந்தது. பைண்டர் அக்காவின் குண்டு எழுத்து. மணல்.

"இந்த ஒண்ணை மட்டும்தான் மாத்தி எண்ணினேன். கட்டாந்தரைன்னா அவங்க ஊன்றுகோல் நிக்கும். மணல்ல நாலு அடி வெக்க முடியுமா? தெரிஞ்சேதான் போட்டிருக்காங்க. நம்ம ஆசையைக் கெடுக்க அவங்களுக்கு மனசு வரலை."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாருமே ஒத்துக்கிட்டிருப்போமே சார்."

"நீங்க ஒத்துக்குவீங்க. அவங்க வரமாட்டாங்க. என்னால எல்லாருக்கும் கெட்டுப்போச்சேன்னு வீட்டுல உக்காந்துடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் கடற்கரையில என்ன பண்ணினோம்? நாம எல்லாம் தண்ணியில ஆட்டம் போட்டோம். அவங்க சாயங்காலம் வரைக்கும் நம்ம செருப்புக்குக் காவல் இருந்தாங்க."

கமாவுக்கு முகம் சுட்டது. 'கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா' என்று முதல் ஜோடியைக் கழற்றிப் போட்டவள் அவள்தான். எட்டு வருடமாகப் பக்கத்து மேசை. புள்ளி தப்பினால் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது மட்டும் படவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

சீட்டுகளை அள்ளி அவளே இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு வெளியே வந்தாள்.

மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. ஒருத்தரும் வேலை பார்க்கவில்லை.

"என்ன, மாட்டிக்கிட்டாரா?" என்றார் மெஷின்காரர்.

பைண்டர் அக்காவும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். "ஏம்மா, கல்லுக்கு நிஜமாவே ஆறு சீட்டு இருந்துச்சா?" கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது.

"இருந்துச்சுக்கா. ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

"அப்போ மணலுக்குப் போட்டேன்னு நம்மகிட்டப் புளுகினது யாரு?" மெஷின்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நம்ம ஆறு பேர்ல எந்தக் கருங்காலி அது?"

"நான்தாண்ணே," என்றாள் கமா. "சந்தேகம் வரக் கூடாதுன்னுதான் அவ்வளவு சத்தம் போட்டேன்."