வெறும் ஆயில் மாத்தினா போதும்

“எங்கப்பாவுக்கு இந்த வண்டின்னா உயிருண்ணே. அதுக்கு நல்லதா ஏதாவது செய்யணும். கியர் ஆயிலை ஃப்ளஷ்ஷே பண்ணிடுங்க” என்றாள் மகள்.

மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்து, கியர்பாக்ஸின் அளவுகம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். துணியில் விழுந்த கோடு கறுப்பாக இருந்தது.

“புதுசுல இது ரத்தம் மாதிரி சிவப்பா இருக்கும்மா. இப்ப தார் மாதிரி இருக்கு. வாங்கினதுலேருந்து மாத்தவே இல்லையா?”

“இல்லண்ணே.”

“அப்ப ஃப்ளஷ் கூடவே கூடாது. மெஷினை மாட்டி, புது ஆயிலை வேகமா உள்ள அடிச்சு, பழசைச் சொட்டு விடாம வெளிய தள்றதுதான் ஃப்ளஷ்ஷு. அதுல உள்ள படிஞ்சிருக்கற கசடெல்லாம் கிளம்பிடும். ஆடற பல்லுல காரையச் சுரண்டின கதைதான். பல்லைப் பிடிச்சிக்கிட்டு இருக்கறதே அந்தக் காரைதான்.”

“சுரண்டினா?”

“ஒரு மாசம் தாங்காது. கியர்பாக்ஸ் போயிடும். நான் என்ன பண்றேன், கீழ போல்ட்டைக் கழட்டறேன். வடியறது வடியட்டும். அந்த அளவுக்குப் புதுசு ஊத்தறேன். பாதிப் பழசு உள்ளயே இருக்கும். வண்டியும் இருக்கும்.”

மகள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே யோசித்தாள்.

“போனா எப்படிண்ணே போகும்? நடுரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கும்போதேவா? இல்ல, வீட்டை விட்டே கிளம்பாதா?”

இத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் மெக்கானிக்கிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“பெரும்பாலும் காலைல கியரைப் போடுவீங்க, நகராது. இன்ஜின் மட்டும் உறுமும்.”

“வேற கியர்பாக்ஸ் கிடைக்குமா?”

“இந்த மாடலுக்கா? தவம் கிடந்தாலும் கிடைக்காது.”

“அப்ப ஃப்ளஷ்ஷே பண்ணிடுங்க.”

“ஏம்மா, இவ்வளவு நேரம் நான் சுவத்துக்கிட்டயா பேசினேன்?”

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். சட்டையில் கத்தி மாதிரி இஸ்திரி மடிப்பு. உள்ளங்கையை நீட்டி, “அந்தத் துணியைக் கொடுப்பா” என்றார்.

மெக்கானிக் துணியை அந்தக் கையில் வைத்தார். அப்பா அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஆயிலை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

“தீஞ்ச வாசனை இல்ல. பொடி எதுவும் நெருடல. உள்ள கிளட்ச் பிளேட்டெல்லாம் நல்லா இருக்கு. வெறும் ஆயில் மாத்தினா போதும்.”

மெக்கானிக்குக் கைமயிர் சிலிர்த்தது. ஆயிலைப் பார்த்து முடிவு சொல்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். முகர்ந்து சொல்கிற மனிதரை இன்றுதான் பார்க்கிறார்.

“கேட்டீங்களாம்மா? இவருக்குத் தெரியுது வண்டியோட அருமை.”

“இவ பேச்சைக் காதுல வாங்காதப்பா” என்றார் அப்பா. “வண்டிச் சாவியைப் பத்திரமா வைக்கத் தெரியாதவ இவ. மேசை மேல வச்சிருந்தா எங்கயாவது தொலைச்சிட்டு வந்து நிப்பா. அதான் மூணு சாவி செஞ்சு வச்சிருக்கேன். எங்கெங்க இருக்குன்னு இவளுக்குச் சொல்லவே மாட்டேன்.” சட்டைப்பையைத் தட்டினார். உள்ளே கலகலவென்றது.

மகள் மறுக்கவில்லை. மெக்கானிக்கிடம் மட்டும் தணிந்த குரலில், “ப்ளீஸ்ண்ணே” என்றாள்.

“என் கையால ஒரு வண்டியைச் சாகடிச்சேன்கிற பேரு எனக்கு வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

கறுப்பு ஆயில் வாளியில் நூலாக இறங்கி, பிறகு சொட்டுச் சொட்டாக நின்றது. போல்ட்டை முடுக்கி, புதியதை ஊற்றினார். அளவு பார்ப்பதற்காக இன்ஜினை ஓடவிட்டார். கம்பியில் இப்போது இளஞ்சிவப்பு தெரிந்தது. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிய மாதிரி மெக்கானிக் முகம் மலர்ந்தது.

“ஐயா, முடிஞ்சுது! இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஏறி உக்காருங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

அப்பா மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். தன் கருநீல வண்டியைத் தாண்டினார். பக்கத்தில் ஒரு மஞ்சள் டாக்சி நின்றிருந்தது. அதற்குச் சக்கரம் நான்கும் இல்லை. கட்டைகள் மேல் நின்றது. அதன் இன்ஜின் மூன்றடி தள்ளி மேசை மேல் கிடந்தது.

அப்பா டாக்சியின் கதவைத் திறந்து ஏறினார். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பாசமாகத் தடவினார்.

“சத்தத்தைக் கேட்டியா? பூனைக்குட்டி மாதிரி இருக்கு!” என்றார். “என்னமோ ஃப்ளஷ்ஷு ஃப்ளஷ்ஷுன்னு குதிச்சியே. ஏறும்மா, அப்படியே வீட்டுக்குக் கிளம்பலாம்.”

மெக்கானிக் டாக்சியைப் பார்த்தார். கருநீல வண்டியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் முன்பே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலிருந்து இங்கே வரை வண்டியை யார் ஓட்டி வந்தார்கள் என்று கேட்க அவருக்கு வாய்வரை வந்தது. கருநீல வண்டிக்குள் கைவிட்டு இன்ஜினை அணைத்தார்.

“என்னப்பா, ஏன் நின்னுடுச்சு?” என்றார் அப்பா, டாக்சிக்குள்ளிருந்து.

“இறங்குங்க ஐயா. ஃப்ளஷ்ஷே பண்ணிடலாம்.”