அனுபவம் தேவையில்லை

வீட்டில் அவளுக்குச் ‘சேர்மன்’ என்று பேர். கல்லூரியில் வணிகவியல் சேர்ந்த முதல் வாரமே, சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்குப் பங்குச் சந்தை பற்றி வகுப்பெடுக்கத் தொடங்கியதற்காக அண்ணன் சூட்டிய பட்டம் அது.

சேர்மனுக்கு இருந்தது ஒரே ஆசைதான். முதல் வருஷ லீவு முடிவதற்குள் ஒரு நிதி நிறுவனத்தில் பயிற்சி வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும். கூடப் படிப்பவள் ஒருத்திக்கு அவள் மாமா புண்ணியத்தில் கிடைத்துவிட்டது. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வங்கி, ஆடிட்டர், இன்ஷூரன்ஸ் என்று ஒன்று பாக்கியில்லாமல் விண்ணப்பம் போட்டாள். ‘அனுபவம்’ என்ற இடத்தில்தான் உதைத்தது. கல்லூரி விழாவில் வாசலில் நின்று டிக்கெட் கிழித்ததை ‘வருவாய்ப் பிரிவு நிர்வாகம்’ என்றும், அம்மாவோடு துணிக்கடைக்குப் போய்ப் பேரம் பேசியதை ‘கொள்முதல் பேச்சுவார்த்தை’ என்றும் எழுதிப் பார்த்தாள். ஒருத்தரும் மசியவில்லை. சிலர் பதிலே போடவில்லை, பதில் போட்டவர்கள் அனுபவத்தோடு வரச் சொன்னார்கள். அனுபவத்தை என்ன கடையிலா விற்கிறார்கள்?

அப்போதுதான் அந்த மெயில் வந்தது. புதிதாக ஆரம்பித்த ஒரு நிதி ஆலோசனை நிறுவனம். அனுபவம் தேவையில்லை, முதல் வருஷம் படித்தாலே போதும், சம்பளமும் உண்டு, திங்கட்கிழமை வந்து சேரலாம் என்று போட்டிருந்தது. கூடவே, சம்பளம் போடுவதற்கு வங்கிக் கணக்கு எண்ணும் கேட்டிருந்தார்கள்.

வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். சேர்மன் யோசித்தாள். தன் லட்சணம் தனக்குத் தெரியாதா? அந்த விண்ணப்பத்தை முழுசாகப் படித்துவிட்டும் ஒருத்தர் கூப்பிடுகிறார் என்றால், அதில் கட்டாயம் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது.

நேரில் போய் வேவு பார்த்தாள். தையல் கடைக்கு மேலே, ஒருத்தர் ஏறினால் இன்னொருத்தர் இறங்க முடியாத மாடிப்படி. போர்டில் பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை. கதவைத் திறந்தவர், “புதுசா சேரப்போறது நீங்கதானாம்மா? வாங்க, வாங்க” என்று முகமெல்லாம் சிரித்தார். இதுவரை அவள் காத்துக்கிடந்த எந்த நிதி நிறுவனத்திலும் யாரும் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவசர வேலை இருப்பதாக எதையோ உளறிவிட்டு இறங்கி ஓடிவந்தாள்.

ரெண்டு நாள் போய்த்தான் பாரேன், பிடிக்கவில்லையென்றால் வந்துவிடு என்றான் அண்ணன். நிதித்துறையின் நெளிவு சுளிவு உனக்கு என்ன தெரியும் என்று அவன் வாயை அடைத்துவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் புகாரைக் கேட்டார். நடுவில் அவருக்கு ஒரு போன். “இன்னும் எங்கேயும் கிடைக்கலையாடா? சரி, விடாதே, தேடு” என்று அலுத்துக்கொண்டு வைத்தார். பாவம், எந்தத் திருடனைத் தேடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு என்ன தோன்றியதோ, மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். துருவித் துருவி விசாரித்தார். என்ன படிக்கிறவர்கள் வேண்டுமாம், சம்பளம் எப்படி, எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள், டை கட்ட வேண்டுமா? டை வரைக்கும் விட்டுவைக்கவில்லை. போலீஸ் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சேர்மனுக்குப் புல்லரித்துவிட்டது.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“நானே நேர்ல போய்ப் பார்த்துட்டேம்மா. நீ என்கிட்ட வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கு வேலை வேணாம்னு அவங்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுட்டு, நம்பரை பிளாக் பண்ணிடு. இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே. மத்ததெல்லாம் திங்கட்கிழமை காலைல நான் பார்த்துக்கறேன்.”

அவர் சொன்னபடியே செய்தாள். அதற்கப்புறம் அவள் கால் தரையில் படவில்லை. எதிர்வீடு, பக்கத்து வீடு, மாமா பெண் என்று சொல்லாத ஆளில்லை. அண்ணன் கூட ஒரு நாள் முழுக்கக் கேலி பேசாமல் இருந்தான். விண்ணப்பத்தைத் திறந்து, ‘அனுபவம்’ என்ற இடத்தில் ‘நிதி மோசடி கண்டுபிடிப்பு’ என்று அடித்துவைத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த இடத்தில் ஓர் உண்மை வந்து உட்கார்ந்ததில் அவளுக்கே கண் கலங்கியது.

திங்கட்கிழமை காலை அந்தப் பக்கம் போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. தையல் கடையை ஒட்டி நின்ற வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஜீப் வரும், கைவிலங்கோடு நாலு போலீஸ்காரர்கள் இறங்குவார்கள், சிரித்த ஆளின் மூஞ்சியை அப்போது பார்க்க வேண்டும்.

ஜீப் வரவில்லை. இன்ஸ்பெக்டர் மஃப்டியில் பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் வெள்ளைச் சட்டையும் டையுமாக அவள் வயதில் ஒரு பையன். சேர்மனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இவன் போலீஸ்காரன், பயிற்சிக்கு வந்தவன் மாதிரி உள்ளே விட்டுக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறார்கள். டையைப் பற்றி அத்தனை கேட்டது இதற்குத்தான். என்ன மூளை இந்த மனுஷனுக்கு என்று மனசுக்குள் ஒரு சல்யூட் அடித்தாள்.

என்ன இருந்தாலும் தான் கண்டுபிடித்த கேஸ். உத்தரவு என்ன கொடுக்கிறார் என்று கேட்க, வேனை ஒட்டி இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள்.

“பயப்படாமப் போடா, ரொம்ப நல்ல கம்பெனி, அப்பா நேர்ல வந்து முழுசா விசாரிச்சுட்டேன்” என்றபடி, பையனின் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர்.