எஃப்பும் எஸ்ஸும்

“இப்ப என்ன சொன்னனான்?”

“எஃப்.”

“இது?”

“எஸ்.”

விக்னராஜா மேசையில் தட்டிச் சிரித்தான்.

குசினிக்குள் சலவை இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. குழாய் திறந்தபடி ஓடியது. எந்த நிலையத்திலும் நிற்காமல் முழுச் சத்தத்தில் வைத்த ரேடியோ இரைந்தது. அத்தனைக்கும் நடுவே, எதிர்க் கதிரையில் இருந்த மனைவி சத்தியபாமா அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு எழுத்தையும் பிடித்துவிட்டாள்.

சிட்னியில் கார்களுக்குத் தொலைபேசி பொருத்தும் கம்பனி ஒன்றில் அவன் இன்ஜினியர். 1975இல் அப்படியான கார் வைத்திருந்தவர்கள் டாக்டர்களும் பெரிய வியாபாரிகளும்தான். காரில் இருப்பவர் தான் எந்த அலைவரிசையில் நிற்கிறார் என்று சொன்னால், ஒப்பரேட்டர் பெண் அழைப்பை அதில் இணைத்துவிடுவாள். அலைவரிசைகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்தவன் விக்னராஜா.

போன வாரம் ஒரு டாக்டர் ‘எஸ்’ என்றார். ஒப்பரேட்டருக்கு அது ‘எஃப்’ என்று கேட்டது. பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணுக்கான அவசர அழைப்பு, ஆளில்லாத அலைவரிசைக்குப் போய்விட்டது. தாயும் பிள்ளையும் தப்பியது டாக்டர் தற்செயலாக வீடு திரும்பிச் சேதி அறிந்ததால்தான்.

அலைவரிசைப் பெயரை மாற்றுவதா, அந்த ஒப்பரேட்டர் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துவதா என்று நாளைக் காலை அவன் மேலாளரிடம் சொல்ல வேண்டும்.

“பிழை நான் வச்ச பேரில இல்லை, பாமா. அந்த ஒப்பரேட்டர் பிள்ளையின்ர காதில. இவ்வளவு இரைச்சலுக்கையும் உமக்குக் கேக்குது. அவவுக்குக் கேக்கேல்லையாம்.”

“பாவமப்பா. வேலையால நிப்பாட்டிப்போடாதேங்கோ.”

விக்னராஜா எழுந்து போய்க் குழாயை மூடினான். “காது சரியில்லாத ஆளை வச்சு ரெலிபோன் நடத்தேலுமே?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

பாமா பதில் சொல்லவில்லை. கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வாசல் மணி அடித்தது. அவள் அசையவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போலும். அவனே போய்த் திறந்தான். கூட வேலை பார்க்கும் மதுரைக்காரன் நாகராஜன், தொலைபேசி பொருத்திய கம்பனி காரோடும் அதில் பேசுவதைப் பிடிக்கும் ரிசீவரோடும் வந்திருந்தான்.

“அவ ஒண்டையும் விடேல்லை, நாகராஜன். எஃப், எஸ் எல்லாம் சரியாச் சொன்னவ.”

நாகராஜன் தலையைச் சொறிந்தான். “சார், நேர்ல கேக்குறது வேற, கார் போன்ல கேக்குறது வேற. அந்த ரெண்டு எழுத்தையும் பிரிச்சுக் காட்டுற மெல்லிசு ஒலி லைன்ல வர்றதே இல்ல. எனக்கே குழம்புது. கார்லேருந்து ஒரு தடவை சொல்லிப் பாத்துடுவோம்.”

“தாராளமா. என்ர மனுசியின்ர காது லேசுப்பட்ட காதில்லை.”

விக்னராஜா இயந்திரத்தையும் ரேடியோவையும் நிறுத்தினான். ரிசீவரைப் பாமாவின் முன்னால் வைத்து, அவள் கையில் தாளும் பென்சிலும் கொடுத்தான்.

“நாகராஜன் கார்ல இருந்து எழுத்துகள் சொல்லுவார். கேக்கிறதை எழுதும்.”

“ஓம்,” என்று அவள் தலையாட்டினாள்.

அவன் தெருவுக்குப் போய்க் காரின் ஏரியலை நிமிர்த்திவிட்டான். நாகராஜன் மைக்கைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான். நாளைக் காலை சொல்ல வேண்டிய வார்த்தைகள் மனதுக்குள் வரிசையாக நின்றன. பெயர்கள் அப்படியே இருக்கட்டும், வேறு ஒப்பரேட்டரை எடுங்கள்.

குசினியை நெருங்கும்போதே நாகராஜனின் குரல் கேட்டது. “எஃப்... எஸ்... எஸ்... எஃப்...” ரிசீவர் அந்தச் சின்ன அறையே அதிரும்படி ஒலித்துக்கொண்டிருந்தது.

பென்சிலும் கையுமாக வாசலையே பார்த்திருந்த பாமா, அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

“என்னப்பா, நாகராஜன் இன்னும் தொடங்கேல்லையோ?”