உபயம்: தணிகாசலம்

ஏரிக்கரை நகர் வானொலிக்குத் தணிகாசலம்தான் படியளந்தார். கைம்மாறாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எந்த அறிவிப்பும் "உபயம், தணிகாசலம்" என்றுதான் தொடங்க வேண்டும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாதபடி பெயரெழுதிக் கொடுத்த பரம்பரை அல்லவா!

அப்போதெல்லாம் எல்லா வீட்டு வானொலியிலும் ஒரு வடிகட்டி இருந்தது. விளம்பரம் என்று பட்டதை அது யார் காதிலும் விழாமல் விழுங்கிவிடும்.

ஐப்பசி மழையில் ஏரி உடைந்தது. தெருவே மொட்டை மாடியில் நின்றது. தணிகாசலம் நாற்காலிமேல் ஏறி, கூடத்தில் மிதக்கும் தன் செருப்பைப் பார்த்தபடி, அறிவிப்பாளர் ரெஜினாவை ஃபோனில் பிடித்தார்.

"ஏம்மா, தண்ணி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"காலையிலேருந்து தொண்டை கிழியச் சொல்றேன் சார். உங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிச்சேன். வடிகட்டி விளம்பரம்னு நெனச்சு மொத்தத்தையும் முழுங்கிடுச்சு."

"என் வீட்லயுமா?"

"கேட்டிருந்தா இப்ப கூப்பிடுவீங்களா சார்?"

தணிகாசலத்துக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

"இனிமே என் பேரே வேணாம். எடுத்துடும்மா."

"சரிங்க சார்."

தண்ணீர் நாற்காலியின் இருக்கையைத் தொட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேர் வேணாம்னு பெருந்தன்மையா சொன்னது யாருன்னு மட்டும், கடைசியில ஒரு வரி சொல்லிடேன்."