இழை தெரியணும்

"இழை இழையா தெரியணும் வீரபாகு. உக்காந்து எண்ணிப் பாக்கறாப்ல. அஞ்சு மெகாபிக்சல்னு கீது பாரு, அதுலயே வச்சி எடு."

முதலாளி இராஜமாணிக்கம் டிஜிட்டல் கேமராவை நீட்டினார். மேசைமேல் விரித்துக் கிடந்தது, சேவூர் தனக்கோடி நெய்து கொண்டுவந்த பட்டுப்புடவை. ஆரணியில் இதுவரை யாரும் போடாத கரை.

"சாயங்காலம் சேலை பெங்களூர் கடைக்குப் போவுது. ஜல்தி."

வீரபாகு இராஜமாணிக்கத்தின் பட்டுக்கடையில் டிசைனர். படத்தில் இழை தெரிந்தால் போதும், அப்படியே கிராஃப் தாளில் இறக்கிவிடுவார். பத்தே நாளில் விசைத்தறியில் பாதி விலைக்கு நகல் ஓடும். முன்பிருந்த கடையில் ஒரு நெசவாளியின் டிசைனை அப்படி இறக்கிக் கொடுத்தவரே அவர்தான். அந்த ஆள் தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு, களம்பூர் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார்.

மெனுவைத் திறந்தார். '5 மெகாபிக்சல், ஃபைன்' என்று இருந்தது. இன்னும் பதினொரு படம் எடுக்கலாம் என்றது. ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, இருப்பதிலேயே சின்ன அளவில் நிறுத்தினார். பதினொன்று இருநூற்று முப்பதாக மாறியது.

நாலு படம் எடுத்தார்.

"நல்லா வந்துச்சாண்ணே?" வாசலில் நின்ற தனக்கோடி கேட்டான்.

"உனக்கு நல்லதாத்தான் வந்துகீது."

மறுநாள் காலை முதலாளி கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார். கரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது.

"இன்னாய்யா இது, தாயம் ஆடலாம் போலகீது?"

"பழக்கமில்ல மொதலாளி."

"போன வாரம் உம் பேரனுக்கு மொட்டை போட்டப்ப இதுலதான எடுத்த? தலைல மிச்சமிருந்த முடியக்கூட எண்ணலாம், அவ்ளோ தெளிவு."

வீரபாகு கேமராவை உறையில் போட்டார். திட்டினால் திட்டட்டும். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் மனசு லேசாக இருந்தது.

முதலாளி படத்தை மூடினார். பிறகு எதிரில் இருந்த விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளினார்.

"டிசைன் பதிவு பண்றதுக்கு இழை தெரியற படம் கேட்டாங்க. இன்னைக்கு அனுப்பிட்டா அப்புறம் எவனும் திருட முடியாது. சேலையும் நேத்தே போயிடுச்சு. இனிமே புதுசா பாவு ஏத்தி இன்னொரு சேலை நெய்ய ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள பெங்களூர்ல எவன் இறக்கிடுவானோ."

வீரபாகு குனிந்து பார்த்தார்.

'டிசைனின் உரிமையாளர்' என்ற இடத்தில், முதலாளியின் கோணல் எழுத்தில் இருந்தது: தனக்கோடி, நெசவாளர், சேவூர்.